குட்டி போட்ட பூனை

நிலைகொள்ளாமல் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருப்பவரைக் கண்டால், "ஏன் இப்படிக் குட்டி போட்ட பூனையைப் போலச் சுற்றுகிறாய்?" என்று கேட்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். தேர்வு முடிவு வெளியாகும் நாளன்று மாணவர்களாகிய உங்களில் பலர் இந்தச் சொல்லைப் பெரியோர் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். உவமை சொன்னவர் பூனையை நன்றாகப் பார்த்தே சொல்லியிருக்கிறார். குட்டி ஈன்ற பூனை ஓரிடத்தில் நில்லாது. போகும், வரும், நின்று செவி சாய்க்கும், மீண்டும் போகும். ஆனால் அது ஏன் அப்படிச் சுற்றுகிறது என்பதை உவமை சொல்வதில்லை. அந்த 'ஏன்' என்பதைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன். கிண்ணத்தில் பால் வைத்து வளர்க்கப்படும் வீட்டுப் பூனையைப் பற்றியன்று. சந்தையிலும், ரயிலடியிலும், பாழடைந்த மனைகளிலும், யாருக்கும் உரிமையில்லாமல் பிறந்து வளர்கிற தெருப் பூனையைப் பற்றி.

இந்தப் பொருளில் எனக்கு ஒரு பழைய கடனும் உண்டு. எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த விறகுக் கொட்டிலில் மூன்று பூனைக்குட்டிகளைக் கண்டேன். கண் திறவாத குட்டிகள். தாயைக் காணவில்லை. நானும் அடுத்த வீட்டுப் பையனும் சற்று நேரம் காத்திருந்தோம். சற்று நேரம் என்றால், பத்து வயதுச் சிறுவர்கள் காத்திருக்கக்கூடிய நேரம். பிறகு, தாய் குட்டிகளைக் கைவிட்டுவிட்டது என்று தீர்மானித்து, அவற்றை ஒரு கூடையில் வைத்து வீட்டுக்குள் கொண்டு போனோம். பஞ்சுத் திரியைப் பசும்பாலில் நனைத்து வாயில் வைத்தோம். "தாய் வரும், எடுத்த இடத்திலேயே வைத்துவிடு" என்று பாட்டி சொன்னாள். அவள் சொல் அப்போது எங்கள் காதில் ஏறவில்லை. இரண்டாம் நாள் இரவு ஒரு குட்டி இறந்தது. மறுநாள் காலையில் மற்றொன்று. அந்த இரவுகளில் கொட்டிலின் கூரைமேலிருந்து ஒரு பூனையின் குரல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கிக்கு முன் அதைச் செய்து காட்ட எனக்குத் துணிவில்லை. கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் மாலை பாட்டியே கூடையை எடுத்துப் போய், எஞ்சிய ஒரு குட்டியைக் கொட்டிலில் வைத்துவிட்டு வந்தாள். விடிந்தபோது அது அங்கே இல்லை. தாய் கொண்டு போய்விட்டது.

நாங்கள் செய்த பிழை எது என்பது பல ஆண்டுகளுக்குப் பின், விலங்கியல் நூல்களைப் படித்தபோதுதான் விளங்கிற்று. ஒரு பிழையன்று, பல பிழைகள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பூனையின் சூற்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாள். ஓர் ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டிகள் பிறப்பது இயல்பு. பிறக்கும்போது ஒரு குட்டியின் எடை 100 கிராம் அளவே இருக்கும். கண் மூடியிருக்கும், காதுத் துளையும் அடைபட்டிருக்கும். அது கேளாது, காணாது. முகர்ச்சியும் தொடு உணர்ச்சியுமே அதன் உலகம். அதன் உடம்பு தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளவும் அறியாது. தாயின் வயிறும் உடன்பிறந்த குட்டிகளின் நெருக்கமுமே அதற்குப் போர்வை. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் ஊட்டினால் அந்தப் பால் செரிப்பதில்லை. நாங்கள் கூடையில் வைத்தோமே தவிரச் சூட்டைப் பற்றி நினைக்கவே இல்லை. இஃது ஒன்று.

இன்னொன்று எந்தச் சிறுவனுக்கும் தோன்றாத செய்தி. பிறந்து மூன்று வாரம் வரையில் பூனைக்குட்டி தானாகச் சிறுநீர் கழிக்க இயலாது. மலமும் கழிக்க இயலாது. தாய் தன் சொரசொரப்பான நாக்கினால் குட்டியின் அடிவயிற்றையும் பின்புறத்தையும் நக்கித் தூண்ட வேண்டும். தூண்டியபின் வெளிப்படுவதைத் தாயே விழுங்கிவிடுகிறது. கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் அதனால்தான் குட்டிகள் கிடக்கும் இடத்தில் நாற்றம் இல்லை. நாற்றம் இல்லாததனால் நாயும் கீரியும் எளிதில் மோப்பம் பிடிப்பதில்லை. தாய் குட்டியை நக்குவதைக் கண்டு நாம் 'கொஞ்சுகிறது' என்கிறோம். கொஞ்சுதல் என்று நாம் கருதும் அந்தச் செயலில், குளிப்பாட்டுதலும், கழிவகற்றுதலும், பகைவரிடமிருந்து ஒளித்தலும் ஒருங்கே நடைபெறுகின்றன. நாங்கள் பாலை நினைத்தோம், இதை அறியவில்லை.

பாலும் சரியான பாலன்று. பூனையின் பாலில் உள்ள புரதம் பசும்பாலில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. பசும்பால் பூனைக்குட்டிகளுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது, கழிச்சல் உண்டாகும். ஈன்றவுடன் சுரக்கும் சீம்பாலிலோ நோயை எதிர்க்கும் பொருள்கள் இருக்கின்றன. குட்டியின் குடல் அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்வது பிறந்த முதல் ஒரு நாள் வரையில்தான். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் பின்னர் எவ்வளவு குடித்தும் அந்தக் காப்பு அதே அளவில் கிட்டாது.

பால் குடிப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. பிறந்த சில நாள்களுக்குள், ஒவ்வொரு குட்டியும் தனக்கென ஒரு காம்பைத் தேர்ந்துகொண்டு, பெரும்பாலும் அதிலேயே குடிக்கப் பழகுகிறது. கண் தெரியாத குட்டி மணத்தைக்கொண்டு தன் இடத்தை அறிகிறது. 1959-ஆம் ஆண்டில் யூவர் என்னும் விலங்கியல் அறிஞர் அம்மையார் இதைப் பற்றி விளக்கமாக எழுதினார். பந்தியில் இலை பிடிப்பதற்காக நாம் போடும் சச்சரவு பூனைக்குட்டிகளிடையே முதல் வாரத்தோடு அடங்கிவிடுகிறது!

இனி, முதற் கேள்விக்கு வருவோம். நாங்கள் காத்திருந்தபோது தாய் எங்கே போயிருந்தது?

ஈன்ற முதல் ஓரிரு நாள் தாய் குட்டிகளை விட்டு அதிகமாக அகல்வதில்லை. அதன்பின் அது போயே ஆகவேண்டும். தானே இரை தேடி வாழும் பூனைக்கு நாளொன்றுக்கு எட்டுப் பத்துச் சுண்டெலிகளாவது வேண்டும். பால் கொடுக்கும் காலத்தில், குட்டிகள் வளர வளர, தாய்க்கு வேண்டிய உணவு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று பெருகுகிறது. தெருப் பூனைக்கு இந்த உணவை யார் கொணர்ந்து தருவார்? கடுவன் பூனை குட்டி வளர்ப்பில் பங்கு கொள்வதில்லை. சில வேளைகளில் கடுவனால் குட்டிகளுக்குத் தீங்கு நேர்வதும் உண்டு. ஆகவே தாயே போகவேண்டும்; எலியோ, பல்லியோ, மீன்கடைக் கழிவோ, கிடைத்ததைத் தின்ன வேண்டும்; தின்றதைப் பாலாக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். திரும்பும் வழியில் ஆள் நடமாட்டம் இருந்தால் நேரே குட்டிகளிடம் வராது. சற்றுத் தொலைவில் பதுங்கி, மனிதர் போகும்வரை காத்திருக்கும். நாங்கள் தாயின் வரவுக்காகக் கொட்டிலின் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். தாயோ நாங்கள் போவதற்காக எங்கோ வேலியோரத்தில் காத்துக்கொண்டிருந்திருக்கும். இப்போது நினைத்தால் அந்தக் காட்சி எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

அது போய்விட்டது என்பதற்காகக் கைவிட்டது என்று பொருளன்று. போவதே அதன் பராமரிப்பில் ஒரு பகுதி.

பூனை குட்டிகளை ஏழு இடம் மாற்றும் என்று நம் ஊர்ப்புறங்களில் சொல்வார்கள். ஏழு என்னும் எண்ணை விட்டுவிட்டால் செய்தி உண்மையே. இடத்தில் தெள்ளுப்பூச்சி பெருகினாலும், மழைநீர் புகுந்தாலும், கடுவனோ நாயோ கண்டுகொண்டாலும், மனிதர் வந்து எட்டிப் பார்த்தாலும் தாய் இடம் மாற்றிவிடும். குட்டிகள் இரை தின்னத் தொடங்கும் பருவத்தில், இரை மிகுந்த இடத்துக்கு அருகில் கொண்டு செல்வதும் உண்டு. ஒரு முறைக்கு ஒரு குட்டியைத்தான் பிடரியைக் கவ்வித் தூக்கிச் செல்ல முடியும். நான்கு குட்டிகளானால் நான்கு பயணம். இடையில் பார்க்கிறவர், புதிய இடத்தில் ஒற்றைக் குட்டி தனித்துக் கிடப்பதைக் கண்டு, 'ஐயோ, அநாதை' என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். நல்லெண்ணத்தால் நேரும் களவு இது.

தாய் கவ்வித் தூக்குவதைக் கண்ட நம் முன்னோர் அதைச் சமய உவமையாகவே ஆக்கினார்கள். தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும், தாயால் பற்றப்படும் பூனைக்குட்டியையும் காட்டி, இறைவனை அடையும் வழி எது என்று வைணவ ஆசிரியர்கள் வாதிட்டார்கள். வடகலையார்க்குக் குரங்குக்குட்டி, தென்கலையார்க்குப் பூனைக்குட்டி. பூனைக்குட்டி தன் முயற்சி ஒன்றுமின்றித் தாயிடம் ஒப்படைந்திருக்கிறது என்பது கருத்து. சமயக் கருத்தில் நான் தலையிடவில்லை. ஆனால் உயிரியலைப் பொறுத்தவரையில், குட்டி ஒன்று செய்கிறது: அசையாமல் இருக்கிறது. பிடரி கவ்வப்பட்டதும் பின்கால்களை மடித்து, வாலைச் சுருட்டி, உடம்பைத் தளர்த்தி, குரலெழுப்பாமல் தொங்குகிறது. குட்டி துள்ளினால் தாயால் மதில்மேல் நடக்க முடியுமா? கத்தினால் பகை அறிந்துகொள்ளாதா? ஜப்பான் நாட்டு ரிக்கென் ஆய்வு நிலையத்தார் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தாய் கவ்விச் செல்லும்போது எலிக்குஞ்சு அடங்கி அதன் இதயத் துடிப்பும் தணிகிறது என்றும், தாய் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும்போது மனிதக் குழந்தையும் அவ்வாறே அடங்குகிறது என்றும் கண்டனர். அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நம் தாய்மார் திண்ணையில் நடைபோடுவதன் பொருள் இதுவே.

தெருப் பூனை ஒன்றின் துணிவை உலகம் அறிந்த நிகழ்ச்சியொன்று உண்டு. 1996-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள், நியூயார்க்கு நகரத்தின் புரூக்ளின் பகுதியில், கைவிடப்பட்ட மோட்டார்க் கொட்டகை ஒன்று தீப்பற்றி எரிந்தது. அதற்குள் ஒரு தெருப் பூனை ஐந்து குட்டிகளுடன் இருந்தது. தீயணைப்புப் படையினர் தீயை அடக்கியபின், அந்தப் பூனை குட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டு வந்திருப்பதைக் கண்டனர். அதன் உடல் மயிர் கருகியிருந்தது. காதுகளும் பாதங்களும் வெந்திருந்தன. கண்கள் கொப்புளத்தால் மூடிக்கொண்டிருந்தன. காண இயலாத நிலையில் அது ஒவ்வொரு குட்டியாக மூக்கினால் தொட்டுப் பார்த்தது. அதன்பின் மயங்கி விழுந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் அதனை விலங்குக் காப்பகத்துக்கு எடுத்துச் சென்றார். ஸ்கார்லெட் என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஒரு குட்டி ஒரு மாதத்துக்குப் பின் நோயால் இறந்தது, மற்றவை பிழைத்தன. ஸ்கார்லெட் ஒரு நல்ல வீட்டில் 2008-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தது.

தாயன்பின் பெருமையைச் சொல்ல இந்தக் கதையை எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். எனக்கோ அந்த மூக்கினால் தொட்டுப் பார்த்த செய்கையே மனத்தில் நிற்கிறது. கண் திறவாத குட்டிகள் தாயை அறிவது எப்புலனால்? மணத்தால், தொடுதலால். அந்த நேரத்தில் தாய்க்கும் அவ்விரு புலன்களே எஞ்சியிருந்தன. நாள்தோறும் இடம் மாற்றும் பூனை செய்கிற அதே வேலையைத்தான் ஸ்கார்லெட் செய்தது. நடுவில் நெருப்பு இருந்தது என்பதே வேறுபாடு.

குட்டிகள் கண் திறப்பது பெரும்பாலும் ஏழு நாள் முதல் பதினான்கு நாளுக்குள். பால் கொடுக்கும் முறையிலும் அதன்பின் ஒரு மாறுதல் நேர்கிறது. முதல் மூன்று வாரம் தாயே குட்டிகளைத் தேடி வந்து படுத்துப் பால் கொடுக்கிறது. அடுத்துக் குட்டிகளும் தாயைத் தேடத் தொடங்குகின்றன. ஐந்து ஆறு வாரம் ஆனதும், குட்டிகள் துரத்த, தாய் மதில்மேலோ கூரைமேலோ ஏறி அமர்ந்துகொள்கிறது. கீழே குட்டிகள் கத்தும், தாய் இறங்காது. கல்நெஞ்சம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. அதற்குள் தாய் வேறொரு வகை உணவைக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது.

ஏறக்குறைய நான்காம் வாரத்தில் தாய் கொன்ற எலியைக் குட்டிகளிடம் கொண்டு வந்து அவற்றின் முன்னேயே தின்கிறது. பிறகு கொன்ற எலியைக் குட்டிகளுக்கே விட்டுவிடுகிறது. பிறகு குற்றுயிரான எலி. பிறகு ஓடக்கூடிய எலி. ஓடினால் தாய் பிடித்து மீண்டும் குட்டிகளின் முன் போடும். எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் இந்த முறையை எந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தது என்று கேட்கத் தோன்றுகிறது. இரை கொண்டுவரும்போது எழுப்பும் குரலும் ஒரே மாதிரி இராதாம். சுண்டெலிக்கு ஒரு குரல். பெரிய பெருச்சாளிக்கு எச்சரிக்கை கலந்த வேறு குரல் என்று ஜெர்மானிய அறிஞர் பால் லைஹவுசன் குறித்திருக்கிறார்.

'பூனைக்கு எலி பிடிக்கக் கற்றுத்தர வேண்டுமா, பிறவிக் குணந்தானே' என்று நீங்கள் கேட்கலாம். சீன நாட்டு அறிஞர் குவோ என்பவர் 1930-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இதற்கு விடை தருகிறது. எலி கொல்லும் தாயுடன் வளர்ந்த 21 குட்டிகளில் 18 குட்டிகள் எலியைக் கொன்றன. தனிமையில் வளர்ந்த 20 குட்டிகளில் 9 மட்டுமே கொன்றன. எலியோடு கூட ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளில் 3 மட்டுமே கொன்றன. பிறவிக் குணம் இல்லாமல் இல்லை. தனித்து வளர்ந்தவற்றிலும் ஏறக்குறையப் பாதி கொன்றனவே. ஆனால் அந்தக் குணம் முழுமை பெறுவது தாயின் அருகில். அமெரிக்காவில் பிலிஸ் செஸ்லர் என்னும் அம்மையார் 1969-ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. ஒரு நெம்புகோலை அழுத்தினால் உணவு கிடைக்கும் என்னும் வித்தையைக் குட்டிகள் கற்கவேண்டும். தாய் செய்வதைப் பார்த்த குட்டிகள் விரைவில் கற்றன. அயல் பூனை செய்வதைப் பார்த்தவை தாமதமாகக் கற்றன. எவரும் செய்யக் காணாதவை கற்கவே இல்லை. பாடம் ஒன்றே; சொல்லிக்கொடுப்பவர் யார் என்பது குட்டிக்குப் பெரிய செய்தியாக இருக்கிறது.

பூனை தனிமை விரும்பி என்ற கொள்கையும் ஓரளவுக்கே உண்மை. நம் வீட்டுப் பூனையின் மூதாதையான காட்டுப்பூனை தனித்தே குட்டி வளர்ப்பது. பழந்தமிழர் காட்டுப்பூனையை வெருகு என்றனர். அதன் இளமைக்குக் குட்டி என்னும் பெயரோடு பறழ் என்னும் பெயரையும் தொல்காப்பியம் தருகிறது. ஆனால் உணவு ஓரிடத்தில் மிகுதியாகக் கிடைக்கும் பண்ணைகளிலும் துறைமுகங்களிலும், தாயும் மகளும், அக்காளும் தங்கையும் கூடி வாழ்கின்றன. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்து டேவிட் மக்டொனால்டு 1970-களின் இறுதியில் இங்கிலாந்துப் பண்ணைப் பூனைகளை ஆராய்ந்தார். பெண் பூனைகள் குட்டிகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்து, ஒன்றன் குட்டிக்கு மற்றொன்று பாலூட்டுவதை அவர் கண்டார். ஒரு தாய் இரை தேடப் போகும்போது மற்றொன்று குட்டிகளின் அருகில் இருக்கிறது. ஒரு பூனை ஈனும்போது மற்றொரு பூனை உதவி புரிந்து, பிறந்த குட்டியை நக்கித் துப்புரவு செய்வதும் காணப்பட்டிருக்கிறது. நம் ஊர் மீன்சந்தைகளில் இரண்டு பூனைகளுக்கு நடுவே ஏழெட்டுக் குட்டிகளைக் காணும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பாடுபட்டும் முடிவு என்ன? அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் தெருப் பூனைகளின் 169 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2004-ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஆறு மாதம் நிறைவதற்குள் 127 குட்டிகள் இறந்தன, அல்லது காணாமற் போயின. நூற்றுக்கு எழுபத்தைந்து. காரணம் தெரிந்த இறப்புகளில் காயத்தால் ஏற்பட்டவையே மிகுதி. நான்கு குட்டிகளுக்காக அலையும் தாய், ஒன்றை வளர்த்து ஆளாக்கினால் அதுவே சராசரி வெற்றி. ஆகவே, குட்டிகளை எடுத்து வளர்க்க விரும்புவோர் மேல் எனக்குக் கோபமில்லை. எப்போது எடுப்பது, எப்படி எடுப்பது என்பதே கேள்வி. இரண்டாம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் மனிதர் கையில் பழகிய குட்டிகளே மனிதரிடம் அச்சமின்றி வளர்கின்றன. அந்தக் காலத்தில் தாயிடமிருந்து பிரிக்காமல் நாள்தோறும் சிறிது நேரம் பழகி, எட்டு வாரம் நிறைந்தபின் வீட்டுக்குக் கொண்டு போகலாம். அடுத்த ஈற்றுக்கு முன் தாய்க்குக் கருத்தடை செய்விக்கக் கால்நடை மருத்துவரை நாடலாம். பால் மறக்குமுன்னே மீண்டும் சூல் கொள்ளக்கூடியது பூனை.

சென்ற ஆண்டில் நான் அறிந்த ஒரு மாணவர் விடுதியில், சமையற்கட்டின் பின்புறம் அடுக்கியிருந்த காலிப் பெட்டிகளுக்கிடையே நான்கு குட்டிகள் கிடந்தன. மாணவர்கள் என்னிடம் ஓடி வந்தார்கள். தாயைக் காலையிலிருந்து காணவில்லை என்றார்கள். குட்டிகள் கத்துகின்றனவா என்று கேட்டேன். இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்குகின்றன, வயிறு பருத்திருக்கிறது என்றார்கள். பசித்த குட்டி அப்படித் தூங்காது. ஆயினும் அவர்களுக்கு மனம் ஆறவில்லை. அப்போது நான் ஒரு வழி சொன்னேன். பெட்டிகளைச் சுற்றிக் கோலம் போடுவதைப் போல மெல்லிதாக அரிசி மாவைத் தூவிவிட்டு, இரவு முழுதும் அந்தப் பக்கம் போகாமல் இருங்கள் என்றேன். எறும்பு வருமே என்று சமையற்காரர் முணுமுணுத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாவைப் பெட்டிகளை ஒட்டிப் போடாமல் சற்றுத் தள்ளிப் போட்டோம்.

விடியற்காலையில் நாங்கள் போய்ப் பார்த்தோம். மாவின்மேல் சிறு பாதச் சுவடுகள் உள்ளே போயிருந்தன, வெளியே வந்திருந்தன, மீண்டும் உள்ளே, மீண்டும் வெளியே. ஒரு மாணவர் குனிந்து எண்ணினார். உள்ளே போனவை ஐந்து தடம், வெளியே வந்தவை ஐந்து தடம். பெட்டிகளுக்கிடையே ஒரு குட்டியும் இல்லை. நான்கு குட்டிக்கு நான்கு நடை போதுமே, ஐந்தாவது எதற்கு என்று அவர் கேட்டார். பால் கொடுக்க ஒருமுறை முன்னரே வந்து போயிருக்கலாம். அல்லது, எல்லாவற்றையும் கொண்டு போனபின், ஏதேனும் விட்டுப்போயிற்றோ என்று இன்னொரு முறை வந்து பார்த்துப் போயிருக்கலாம்.